இடிக்காமல் போன வண்டிகள்

இல்லை, அன்று காலை நான் அவருடன் வரவில்லை. இரண்டரை மாதமாகவே நாங்கள் சேர்ந்து வருவதில்லை. அவர் ஏழே காலுக்குக் கிளம்புவார். நான் எட்டு மணிக்கு.

கேட்ட எல்லோருக்கும் இதைத்தான் சொன்னேன். கேட்டவர்கள் "நல்லவேளை" என்றார்கள். ஏன் சேர்ந்து வருவதில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

செய்தி வந்தபோது இரண்டாம் பாடவேளை. துறை உதவியாளர் வகுப்பு வாசலில் நின்று கைகாட்டினார். வெளியே போனேன்.

"கெமிஸ்ட்ரி லேப் கனகு அக்கா தவறிட்டாங்களாம் மிஸ். சைக்கிள்ல வாரப்ப உழுந்துட்டாங்களாம். பாலத்துக்கு அக்கட்டால. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ளயே…"

பாலத்துக்கு அந்தப் பக்கம். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே இடத்தைக் கடந்துதான் வந்திருந்தேன். நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். மண்ணில் ஒரு டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. தக்காளிச் சோறு. யாரோ விழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. நிற்காமல் சைக்கிளை மிதித்து வந்துவிட்டேன். முதல் பாடவேளைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

வகுப்புக்குள் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பாடத்தை நடத்தினேன். பதினைந்து நிமிடம். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

வேதியியல் துறையில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரங்கல் மலருக்கு. "நீங்கதான் அவங்களோட நெருக்கம்" என்றார்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலரில் வருமா என்பதும் தெரியவில்லை. அவரை அறிந்தவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு மட்டும்: கனகவல்லி. நாற்பத்தொன்பது வயது. எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக உதவியாளர். கணவர் செல்வராஜ், வடநாட்டுக்கு லோடு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். சேந்தமங்கலத்தில் வீடு. அங்கிருந்து கல்லூரிக்கு ஏழு கிலோமீட்டர். கல்லூரிப் பேருந்தில் இலவசமாக வரலாம். அவர் சைக்கிளில் வந்தார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பஸ்ஸுல ஏறுனா பஸ்ஸு எப்பக் கெளம்புதோ அப்பத்தான் நான் ஊட்டுக்குப் போகோணும். இதுல நான் கெளம்பறப்பக் கெளம்புவேன்" என்றார். அதற்கு மேல் அவரிடம் காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் வாழப்பாடிக்காரி. தமிழ்த்துறையில் தற்காலிக விரிவுரையாளர். வேலை கிடைத்ததும் சேந்தமங்கலத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, படிக்கும் காலத்துச் சைக்கிளைக் கொண்டுவந்தேன். முதல் வாரத்திலேயே விழுந்தேன். எதுவும் இடிக்கவில்லை. பின்னால் ஹாரன் கேட்டது, பயந்து மண்ணில் இறங்கினேன். அந்தச் சாலையில் தார்மேல் தாராகப் போட்டுப் போட்டு, ஓரம் மண்ணைவிட அரை அடி உயரத்தில் நிற்கிறது. ஓட்டத்தில் இறங்கினால் சக்கரம் மடங்கிவிடும்.

பின்னால் வந்த ஒரு பெண் சைக்கிளை நிறுத்தினார். கை கொடுத்துத் தூக்கவில்லை. காலை ஊன்றி நின்றபடி கேட்டார்.

"எதுக்கு அம்மிணி எறங்குன?"

"லாரி வந்துச்சுங்க."

"லாரி வருமுங்க. லாரி ரோடு. நீ எதுக்கு எறங்குன?"

"ஓரமா போகலாம்னு…"

"ஓரம்னா எது ஓரம்? தாரு முடியற எடமா, நம்ம உசுரு முடியற எடமா?"

எனக்குக் கோபம் வந்தது. முழங்கையிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தார். "லேபுக்கு வா, டிஞ்சர் இருக்குது" என்று சொல்லிவிட்டு மிதித்துப் போய்விட்டார். எந்த லேப், எந்தக் கல்லூரி என்று நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து சேர்ந்து வந்தோம். யாரும் யாரையும் அழைக்கவில்லை. எட்டு மணிக்கு நான் முக்குக்கு வரும்போது அவரும் வந்துகொண்டிருப்பார்.

எங்களுக்குள் ஒரு முறை உருவானது. பின்னால் வருபவர், வருவது என்ன வண்டி என்று சொல்ல வேண்டும். முன்னால் போகிறவர் அதைக் கேட்டுக்கொண்டு தன் கோட்டிலிருந்து விலகாமல் போக வேண்டும். கோழி வண்டி என்றால் ஒரே சீராகப் போகும். தீவன லாரி பாரத்தில் பக்கவாட்டில் ஆடும். மரவள்ளிக் கிழங்கு லாரி ஜவ்வரிசி ஆலைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பதற்காக யாரையும் பார்க்காது. போர்வெல் ரிக் என்றால் ஒன்று போனதும் மூச்சு விடக் கூடாது, குழாய் ஏற்றிய துணை வண்டி ஒட்டி வரும். நான் பெரும்பாலும் தப்பாகச் சொல்வேன். கோழி வண்டி என்பேன், கல் டிப்பர் உறுமிக்கொண்டு போகும். "உங்க வாழப்பாடிக் கோழி இப்படித்தான் கத்துமுங்களா?" என்பார்.

நான் கைப்பிடியில் ஒரு சிறு கண்ணாடி பொருத்தினேன். பின்னால் வருவது தெரியட்டும் என்று. அக்கா இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் சொன்னார்.

"இது எதுக்கு?"

"பின்னாடி வர்றது தெரியுங்க."

"உனக்குத் தெரியும். அவனுக்கு?"

எனக்குப் புரியவில்லை.

"அவனுக்கு உன்ற முதுகுதான் தெரியும். முதுகுக்கு எவனும் ஒதுங்கமாட்டான் சாமி. திரும்பி மொகத்தைக் காட்டோணும். மொகத்தைப் பாத்துட்டா காலு தானா பிரேக்குக்குப் போகும்."

இது எல்லா நேரமும் உண்மையில்லை. முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உரசிச் சென்றவர்களும் உண்டு. ஆனால் சத்தம் கேட்டதும் இருவரும் ஒன்றாகத் தலையைத் திருப்புவது பழக்கமாகிவிட்டது. ஒலி வந்தால் கழுத்து திரும்பும். நினைத்துச் செய்வதல்ல. இதைப் படிக்கும் நீங்கள் இந்த ஒரு விவரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை தீவன லாரி ஒன்று மிக நெருங்கிப் போனது. என் துப்பட்டா அதன் பக்கவாட்டுக் கொக்கியைத் தொட்டு விலகியது. அக்கா வேகமாக மிதித்தார். அரை கிலோமீட்டரில் டீக்கடை முன் அந்த லாரி நின்றிருந்தது. சைக்கிளை அதன் முன்சக்கரத்தில் சாய்த்துவிட்டுக் கேபின் கதவைத் தட்டினார். டீ கிளாஸோடு கடைக்குள்ளிருந்து ஓட்டுநர் ஓடி வந்தார். நாற்பது வயதிருக்கும். அக்காவைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அண்ணிங்களா! தெரியாமப் போச்சுங்க அண்ணி. செல்வராஜ் அண்ணங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

"தெரிஞ்சா ஒதுங்குவீங்க, தெரியாட்டி ஒரசுவீங்க. ஏனுங்க, அப்ப ரோட்டுல சைக்கிள் மிதிக்கிறவளெல்லாம் உங்களுக்கு அண்ணியா இருக்கோணுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்து, எங்களுக்கு இரண்டு டீ சொன்னார். அக்கா குடித்தார். கிளம்பும்போது என்னிடம், "டீ நல்லாருக்குது. அதுக்காக அவன் பண்ணுனது சரியாயிடாது" என்றார்.

பின்னால் வந்த நாட்களில் இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஐப்பசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மழை விட்டிருந்த ஒரு காலை. பாலத்துக்கு முன்னால் சாலை வளைந்து குறுகும் இடம். நான் முன்னால், அக்கா இருபது அடி பின்னால். எதிரே கல் டிப்பர் ஒன்று வந்தது. பின்னால் ஒரு பேருந்தின் ஹாரன். எங்கள் கல்லூரிப் பேருந்தின் ஹாரன் எனக்குத் தெரியும். கழுத்து திரும்பியது.

பார்த்தேன். பேருந்து வேகத்தைக் குறைக்கவில்லை. டிப்பருக்கும் அக்காவுக்கும் நடுவே அது நுழைந்தது. அக்காவின் கைப்பிடிக்கும் பேருந்தின் மஞ்சள் தகட்டுக்கும் நடுவே ஒரு ஜாண். அதற்கு மேல் இல்லை. அக்கா பேருந்துப் பக்கம் தலையைத் திருப்பி வைத்திருந்தார், ஓட்டுநர் முகத்தைத் தேடி. பேருந்து தாண்டியதும் அவர் சைக்கிள் ஒருமுறை சாலையின் நடுவை நோக்கி இழுபட்டு, பிறகு நேராகியது. அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேருந்தின் கடைசிச் சன்னலில் இரண்டு மாணவிகள் கையசைத்தார்கள்.

நாங்கள் நிறுத்தினோம். அக்கா காலை ஊன்றி, போகும் பேருந்தைப் பார்த்தார். பிறகு, "நம்ம பஸ்ஸு" என்றார். வேறு எந்த வண்டிக்கும் அவர் குரல் அப்படி ஆனதில்லை.

அன்று மதியமே புகார் எழுதினார். அவர் எழுத்து ஆய்வகச் சீட்டுகளில் உள்ளதுபோல் உருண்டையாக இருக்கும். இடம், நேரம், பேருந்து எண், "இடைவெளி ஒரு ஜாண்". கடைசியில், "உடன் வந்தவர்: தமிழ்த்துறை" என்று என் பெயர். எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். நான் தலையாட்டினேன்.

மூன்று நாள் கழித்துக் கல்லூரிச் செயலர் அறைக்கு எங்களை அழைத்தார்கள். அதே வாரம் அடுத்த பருவத்துக்கான தற்காலிகப் பணியாளர் பட்டியல் அந்த மேசையில்தான் இருந்தது. என் பெயர் அதில் இன்னும் சேரவில்லை என்று துறைத்தலைவர் முந்தின நாள் சொல்லியிருந்தார். யாரும் என்னை மிரட்டவில்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். யாரும் எதுவும் சொல்லவில்லை.

செயலர் அக்காவிடம் கேட்டார். "ஒரு ஜாண்னு எழுதியிருக்கீங்க. அளந்து பாத்தீங்களா?"

"இருபத்திரண்டு வருசமா அளக்கறதுதானுங்க என்ற வேலை."

செயலர் சிரித்துவிட்டார். ஓட்டுநர் சுவரோரம் நின்றிருந்தார். நல்ல மனிதர். எனக்கும் தெரிந்தவர். "பஸ்ஸு மேல ஒரு கீறல் இருக்குதுங்களா சார்? அக்கா சைக்கிள் மேல இருக்குதுங்களா?" என்றார். இருக்கவில்லை.

செயலர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களாம்மா?"

"நான் முன்னாடி போயிட்டிருந்தேன் சார். திரும்பிப் பார்க்கலை."

இவ்வளவுதான். இரண்டு வாக்கியம். முதலாவது உண்மை. அதனால்தான் இரண்டாவதைச் சொல்ல முடிந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த தன் புகாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிங்க" என்று எழுந்தார்.

இடித்த வண்டிக்குத் தடயம் இருக்கும். வளைந்த இரும்பு, பெயர்ந்த பெயின்ட், உடைந்த எலும்பு. இடிக்காமல் போன வண்டிக்கு எதுவும் இருக்காது. பார்த்தவர் ஒருவர் இருந்தால் அது நடந்தது. இல்லாவிட்டால் ஒரு பெண்ணின் பயம். பட்ட மேற்படிப்பில் சாட்சியம் பற்றி இருபது பக்கக் கட்டுரை எழுதியவள் நான். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. சைக்கிளில் வரும் பணியாளர்கள் கல்லூரிப் பேருந்துகள் செல்லும் நேரத்தைத் தவிர்த்து, முன்னதாகவோ பின்னதாகவோ வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். பெயர் இல்லை. அந்தச் சாலையில் சைக்கிளில் வந்த பணியாளர்கள் நாங்கள் இருவர்தான். பின்னதாக வந்தால் அவரால் நேரத்துக்கு ஆய்வகம் திறக்க முடியாது. எனவே அவர் ஏழே காலுக்குக் கிளம்பத் தொடங்கினார். நான் நேரத்தை மாற்றவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. என் பெயர் பட்டியலில் வந்துவிட்டது.

ஏழே கால் என்பது கிழங்கு லாரிகளின் நேரம். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் என்னிடம் கோபித்துக்கொண்டாரா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. பத்து நாள் கழித்துப் பணியாளர் உணவறையில் எதிரே வந்து அமர்ந்தார். ஏழெட்டுப் பேர் இருந்தோம். டிபன் பாக்ஸைத் திறந்தபடியே கேட்டார்.

"கழுத்து எப்படி இருக்குது சாமி?"

"எனக்கா? ஒண்ணுமில்லைங்களே."

"இல்ல, திரும்பாமப் போச்சேன்னு கேட்டேன். சுளுக்கோ என்னமோ. நல்லெண்ணெயக் காச்சித் தேய்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உண்மையிலேயே சுளுக்கு என்று நினைத்து, இயற்பியல் துறைப் பேராசிரியை ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னார். அக்காவும் சிரித்தார். தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எள்ளுப்பொடிச் சோறு எடுத்து என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாம். தண்டனை என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொண்டது சோறு மட்டும்.

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் ஆய்வகத்துக்குப் போனேன். சொல்லிவிடுவதென்று. மாணவர்கள் ப்யூரெட்டின் முன் நின்றிருந்தார்கள். அக்கா ஒரு பையனின் தலையைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தார். "குனிஞ்சு பாரு. மேல இருந்து பாத்தா ஒண்ணு சொல்லும், கீழ இருந்து பாத்தா ஒண்ணு சொல்லும். கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்தாத்தான் உள்ளது தெரியும்."

"அக்கா, அன்னைக்கு ஆபீஸ்ல…" என்றேன்.

"இரு அம்மிணி. இந்தப் பசங்க ரீடிங் எடுத்துக்கட்டும்."

நின்றேன். மணி அடித்தது. எனக்கு வகுப்பு இருந்தது. "அப்புறம் வரேங்க" என்றேன். "வா வா" என்றார். அப்புறம் போகவில்லை.

அவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. பாலத்தருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும், "கெழங்கு லாரி ஒண்ணு போச்சுங்க. சத்தம் கேட்டு நான் திரும்புனப்ப அவுங்க கெடந்தாங்க" என்று சொல்லியிருக்கிறார். எந்த லாரி என்று தெரியவில்லை. தலை தாரின் விளிம்பில் மோதியிருக்கிறது. சைக்கிளில் கீறல்கூட இல்லை. ஹேண்டில் மட்டும் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. நிலை தடுமாறித் தானாக விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள்.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. அவருடைய புகைப்படம், அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. நான்கு பேர் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். கலைந்து போகும்போது எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"பாவம். அவங்களுக்கு ரோட்டுல கொஞ்சம் பயம் ஜாஸ்தி. பயந்தவங்கதான் தடுமாறுவாங்க."

"அட ஆமா, நம்ம பஸ்ஸே இடிக்க வந்துச்சுன்னு எழுதிக் குடுத்தாங்களே. கூடப் போன மிஸ்ஸே அப்படி ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களாமே."

எனக்குப் பின்னால்தான். திரும்பியிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பார்கள். நேரே நடந்து வெளியே வந்தேன்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. என் வாக்கியம் செயலர் அறையோடு முடிந்துவிடவில்லை. அது நடமாடிக்கொண்டிருந்தது. அவர் உயிரோடு இருந்தபோது அவரை ஏழே காலுக்குத் தள்ளியது. இறந்த பிறகு, அவரே விழுந்தார் என்பதற்குச் சான்றாக நின்றது.

கருமாதிக்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். பேருந்து ஓட்டுநர் வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கி வந்தார். "அன்னைக்கு பிரேக் போட்டிருக்கலாம் மிஸ்" என்றார். "போடலை." வேறெதுவும் சொல்லாமல் மறுபடி ஏணியில் ஏறினார்.

செல்வராஜ் அண்ணன் நாகபுரியிலிருந்து லோடை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர். வந்தபோது மனைவியை எரித்து முடித்திருந்தார்கள். தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"லாரி தாண்டறப்ப பக்கத்துல இருக்கறதை மொதல்ல தள்ளுமுங்க. கேபின் தாண்டறப்ப. அப்புறம் பாடி தாண்டறப்ப உள்ளுக்கு இழுக்கும். இடிக்க வேண்டியதே இல்லீங்க. எனக்குத் தெரியும். நானுந்தான் ஓட்டறேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"நான் எத்தனை பேரை இப்படித் தாண்டியிருப்பேனோ. அவ கேப்பா. ஊட்டுக்கு வந்ததும் மொதக் கேள்வி அதுதான். இந்தத் தடவை யாரையாவது ஒரசுனீங்களான்னு. இல்லேம்பேன். கண்ணாடியில பாத்தேன், நல்லாத்தான் போயிட்டிருந்தாங்கம்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அந்த பஸ்ஸுக்காரன் எவ்வளவு எடம் உட்டான்?"

வண்டி ஓட்டுகிறவரின் கேள்வி. பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. நான் கையை விரித்துக் காட்டினேன். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை.

அவர் என் கையைப் பார்த்தார். தன் கையை அதன் பக்கத்தில் விரித்துப் பார்த்தார். அவர் கை பெரியது. "உங்க கையில ஒண்ணுங்களா?"

"ஆமாங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பார்த்தேங்க. திரும்பித்தான் பார்த்துட்டிருந்தேன். ஆபீஸ்ல பொய் சொன்னேன். என் வேலைக்காக."

முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். சொன்னதும் இலேசாகிவிடும் என்று படித்திருக்கிறேன். ஆகவில்லை.

"தெரியுமுங்க" என்றார். "அன்னைக்கே போன்ல சொன்னா. அந்தப் புள்ள திரும்பிப் பாத்துச்சு, பாக்கலைன்னு சொல்லிருச்சுன்னு."

"வேற என்ன சொன்னாங்க?"

"வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க. நான்தான் கெட்ட வார்த்தையில வைஞ்சேன் உங்களை. அவ போனை வெச்சுட்டா."

நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. முடியும்வரை பொறுத்திருந்தார். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் என்ற கையில இல்லீங்க அம்மிணி. அதைக் கேக்க வேண்டிய ஆளு இப்ப இல்லை. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். எழுதித் தருவீங்களா? இருவத்திரண்டு வருசம் அந்த ரோட்டுல மிதிச்சவ. தானா உழுகறவ இல்ல. நான் சொன்னா புருசன் சொல்றான்னு உட்டுருவாங்க. லாரிக்காரன் சொல்றான்னு சிரிப்பாங்க. பாத்த ஆளு நீங்க ஒருத்திதான்."

நான் பார்த்தது அவர் இறந்த அன்றைக்கு அல்ல, ஐப்பசியில் என்றேன். என் எழுத்து அந்த லாரியைக் கண்டுபிடித்துத் தராது என்றேன்.

"தெரியுமுங்க. லாரி கெடைக்காது. அவ பொய் சொல்லலைங்கறதாவது கெடைக்கட்டும்."

இந்த வகைக் கட்டுரைகள், மறைந்தவரிடமிருந்து எதை எடுத்துவைத்துக்கொண்டோம் என்று சொல்லி முடியும். என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. அவர் பயந்தவர் அல்ல, மிகைப்படுத்துபவர் அல்ல, ஒரு ஜாண் என்றால் அது ஒரு ஜாண்தான் என்ற தகவல் ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. மூன்று மாதம் வைத்திருந்தேன். அது நான் வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் அல்ல. அதைக் கொடுத்த பிறகு மிஞ்சுவது என் பொய். அதை வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்பை மாற்றிக் கொடுத்துவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். ஐப்பசியில் நடந்தது, எந்த இடம், எவ்வளவு இடைவெளி, செயலர் அறையில் நான் சொன்னது, அது பொய் என்பது. மூன்று பிரதி. ஒன்றை முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். ஒன்றைக் காவல் நிலையத்தில் கொடுத்தேன். மூன்றாவதைச் செல்வராஜ் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி வைத்து, முழுவதும் படித்தார். கையெழுத்தின் கீழே தேதி இல்லை என்றார். போட்டுக் கொடுத்தேன்.